தேயிலை விலை குறைந்தது, போர் வந்தது: அமெரிக்கக் காலனிகளின் கலகம் விடுதலைப் போரானது எப்படி?

அமெரிக்க விடுதலைப் போர் எதனால் வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும். பிரிட்டன் தேயிலை வரியை உயர்த்தியது, கொதித்தெழுந்த மக்கள் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள், போர் மூண்டது. இதைப் பள்ளியிலும் படித்திருப்போம், வினாடி வினாவிலும் கேட்டிருப்போம்.

ஆனால் 1773இல் தேயிலை வரி உயரவே இல்லை. அந்த ஆண்டு வந்த சட்டத்தால் தேயிலையின் விலை குறைந்தது. பெட்டிகள் கடலில் விழுந்ததற்கும் முதல் துப்பாக்கி வெடித்ததற்கும் நடுவே பதினாறு மாதங்கள் ஓடின. துப்பாக்கி வெடித்த பிறகும் ஓராண்டுக்கு மேல் காலனிகள் விடுதலை கேட்கவில்லை. "மன்னரே, எங்கள் குறையைத் தீருங்கள்" என்றுதான் எழுதிக்கொண்டிருந்தன.

கலகங்கள் எல்லாப் பேரரசுகளிலும் நடக்கும். வரி கூடினால் கூட்டம் கூடும், கல் எறியப்படும், படை வரும், அடங்கிவிடும். பெரும்பாலான கலகங்களின் வரலாறு இவ்வளவுதான். அப்படி அடங்கிப்போயிருக்க வேண்டிய ஒன்று எட்டு ஆண்டுப் போராக நீண்டதற்குக் கோபத்தின் அளவை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. கோபத்துக்கும் போருக்கும் நடுவே என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம்.

## ஒரு மதகுக்கு இரண்டு சாவி

ஓர் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமுறை தலைமுறையாக ஆயக்கட்டு விவசாயிகளே கூடிப் பேசி, வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, கரையைப் பராமரிக்கிறார்கள். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதையும் அவர்களே முடிவுசெய்கிறார்கள். மதகைத் திறக்கும் சாவி அவர்கள் அமர்த்திய நீர்பாய்ச்சியிடம் இருக்கிறது. கண்மாய் பட்டா யார் பெயரில் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் வரவில்லை.

ஒரு நாள் தொலைவிலிருந்து ஓர் அதிகாரி தன் ஆளையும் புதுப் பூட்டையும் அனுப்புகிறார். "இனிப் பணத்தை இவரிடம் கட்டுங்கள், முன்பைவிடக் குறைவாகவே கேட்பார்" என்கிறார். ஊர் முதலில் மனு கொடுக்கும். பிறகு பணம் கட்ட மறுக்கும். அப்போதும் சண்டை மூளாமல் போகலாம். ஆனால் ஊர் கூடித் தன் நீர்பாய்ச்சியையே தொடர்ந்து மதகைத் திறக்கச் சொல்லி, அதிகாரியின் ஆளும் அதே மதகைத் தன் சாவியால் திறக்க வரும் நாளில் கைகலப்பு நிச்சயம். இருவரில் ஒருவருடைய சாவிதான் செல்லும். கட்டணம் குறைவா கூடுதலா என்ற கேள்வி அந்த நேரத்தில் யாருக்கும் நினைவிலேயே இருக்காது.

இதில் இரண்டு கலைச்சொற்கள் அடங்கியிருக்கின்றன. ஓரிடத்தில் கடைசிச் சொல் யாருடையது என்ற உரிமைக்கு இறையாண்மை என்று பெயர். ஒரே மக்கள்மீது, ஒரே நேரத்தில், இரண்டு அமைப்புகள் அந்தக் கடைசிச் சொல்லுக்கு உரிமை கொண்டாடும் நிலை இரட்டை அதிகாரம். வட அமெரிக்காவின் பிரிட்டிஷ் காலனிகளில் பதின்மூன்று, 1763 முதல் 1775 வரை மெல்ல மெல்ல இரட்டை அதிகாரத்துக்குள் நடந்துபோயின.

## கேட்கப்படாமலே இருந்த கேள்வி

வர்ஜீனியாவில் 1619ஆம் ஆண்டிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கூடியது. மற்றக் காலனிகளிலும் அதுபோன்ற சட்டமன்றங்கள் உருவாயின. சொத்துள்ள வெள்ளை ஆண்களுக்குத்தான் வாக்கு. ஆனாலும் உள்ளூர் வரியை விதிப்பது அந்த மன்றங்களே. பெரும்பாலான காலனிகளில் மன்னர் அனுப்பிய ஆளுநரின் சம்பளத்தையும் சட்டமன்றமே ஒதுக்கியது. இந்தச் சிறிய விவரத்தை மறக்காதீர்கள். ஆளுநரின் சம்பளம் யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் சொல்வதை ஆளுநர் கொஞ்சமாவது கேட்டாக வேண்டும்.

லண்டன் நாடாளுமன்றம் காலனிகளின் கடல் வணிகத்துக்கு விதிகள் போட்டது. உள்விவகாரங்களில் பெரிதாகத் தலையிடவில்லை. ஆகவே, உண்மையான எஜமானர் யார் என்ற கேள்வி ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் எழவே இல்லை.

அதை எழுப்பியது ஒரு வெற்றி. பிரான்ஸுடன் நடந்த ஏழாண்டுப் போரை 1763இல் பிரிட்டன் வென்றது. கனடா அதன் கைக்கு வந்தது. ஆனால் போருக்கு முன் இருந்த தேசியக் கடன் ஏறக்குறைய இரட்டிப்பாகி, சுமார் 13 கோடி பவுண்டு ஆகியிருந்தது. அமெரிக்காவில் சுமார் 10,000 படைவீரர்களைத் தொடர்ந்து நிறுத்தவும் லண்டன் முடிவுசெய்தது. அந்தச் செலவில் ஒரு பங்கைக் காலனிகளும் ஏற்கட்டும் என்று பிரிட்டிஷ் அமைச்சர்கள் நினைத்ததில் கொடுங்கோன்மை எதுவும் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் நாட்டு மக்கள் காலனி மக்களைவிடப் பல மடங்கு வரி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

## முத்திரைத்தாள்

1765 மார்ச்சில் முத்திரை வரிச் சட்டம் நிறைவேறியது. பத்திரம், நீதிமன்ற ஆவணம், உரிமம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு, தாயக்கட்டை வரை எல்லாவற்றிலும் வரி கட்டியதற்கான முத்திரை இருக்க வேண்டும். நிலம் வாங்கியவர், வாடகை ஒப்பந்தம் போட்டவர் யாரானாலும் நம் ஊரில் முத்திரைத்தாளைக் கையில் தொட்டிருப்பார்கள், அதே வகைதான். இங்கிலாந்தில் அது 1694 முதலே நடைமுறையில் இருந்தது.

காலனிகள் கொதித்தன. பாஸ்டனில் முத்திரை விற்பனைக்கு நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் உருவபொம்மை ஆகஸ்ட் 14 அன்று மரத்தில் தொங்கியது. பன்னிரண்டு நாள் கழித்துத் துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் வீடு சூறையாடப்பட்டது. அச்சத்தில் விற்பனையாளர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பதவி விலகினார்கள்.

"எங்கள் பிரதிநிதி இல்லாத மன்றம் எங்களுக்கு வரி விதிக்க முடியாது" என்பது காலனிகளின் வாதம். லண்டனும் விடை வைத்திருந்தது: மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூட நாடாளுமன்றத்தில் தனி உறுப்பினர் கிடையாது, ஆனாலும் ஒவ்வோர் உறுப்பினரும் பேரரசு முழுவதற்கும் பிரதிநிதியே. இரு தரப்பும் நேர்மையாகவே தத்தம் வாதத்தை நம்பின. அதனால்தான் சமரசம் அவ்வளவு கடினமாயிற்று.

அக்டோபரில் ஒன்பது காலனிகளின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினார்கள். வணிகர்கள் பிரிட்டிஷ் சரக்கை வாங்க மறுத்தார்கள். வியாபாரம் படுத்துப்போன இங்கிலாந்து வணிகர்களே நாடாளுமன்றத்திடம் முறையிட, 1766 மார்ச்சில் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. காலனிகளில் ஒரே கொண்டாட்டம். ஆனால் அதே நேரத்தில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது. காலனிகளை "எல்லா விஷயங்களிலும்" கட்டுப்படுத்தும் சட்டமியற்ற நாடாளுமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு என்று அது அறிவித்தது. வரி போய்விட்டது; உரிமைக் கோரிக்கை எழுத்தில் ஏறிவிட்டது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நெடுங்காலம் யாரும் கேட்காமல் விட்ட இறையாண்மைக் கேள்வியைப் போர்க்கடன் வெளியே இழுத்துவந்தது. காலனிகள் வரியை எதிர்த்து வென்றன. லண்டன் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க மறுத்தது. இந்தக் கட்டத்தில் நடந்தது கலகம் மட்டுமே.

## சம்பளம் யார் கொடுப்பது?

1767இல் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகிய இறக்குமதிப் பொருள்களுக்குப் புதிய வரி வந்தது. தொகை பெரிதில்லை. வரிப்பணம் எதற்கு என்பதுதான் உறுத்தியது: ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் அதிலிருந்து சம்பளம் கொடுக்கப்படும். சட்டமன்றத்தின் கையில் இருந்த கடிவாளம் நழுவப்போகிறது என்று காலனித் தலைவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள்.

மறுபடியும் புறக்கணிப்பு. இந்த முறை பெண்களும் பெருமளவில் இறங்கினார்கள். பிரிட்டிஷ் துணியை ஒதுக்கி, ஊர் ஊராகக் கூடி நூல் நூற்றார்கள். ராட்டையை அரசியலாக்கிய மண்ணில் பிறந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. சட்டமன்றத்தில் இடமே இல்லாத ஒரு பெண், எந்தத் துணியை வாங்குவது என்று தீர்மானிப்பதன் மூலம் அரசியலுக்குள் வந்தாள். கலகத்தில் சில நூறு பேர் கலந்துகொள்ளலாம். புறக்கணிப்பில் ஒவ்வொரு வீடும் கலந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒருங்கிணைப்பு வேண்டும், கண்காணிப்பு வேண்டும், குழு வேண்டும்.

1768 அக்டோபரில் பாஸ்டனில் பிரிட்டிஷ் படை இறங்கியது. சுமார் 16,000 பேர் வாழ்ந்த ஊரின் தெருக்களில் சிப்பாய்கள் நிறைந்தார்கள். 1770 மார்ச் 5 இரவில் கூட்டத்துக்கும் சிப்பாய்களுக்கும் தகராறு முற்றித் துப்பாக்கிச் சூடு நடந்தது; ஐந்து பேர் இறந்தார்கள். சிப்பாய்களுக்காக வாதாடியவர், பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ். எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுவிக்கப்பட்டார்கள். இத்தனை ரத்தம் சிந்தியும் போர் வரவில்லை. தேயிலை தவிர மற்ற வரிகளை லண்டன் நீக்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் அமைதியாகவே கழிந்தன. மனிதர்கள் செத்தால் போர் தானாக வெடித்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும்.

அந்த அமைதிக்குள் ஒரு காரியம் நடந்தது. பாஸ்டன் அடங்கிய மாசசூசெட்ஸ் காலனியின் நீதிபதிகளுக்குச் சம்பளத்தை இனி மன்னரே கொடுப்பார் என்ற செய்தி வந்ததும், 1772 நவம்பரில் பாஸ்டன் ஊர்க்கூட்டம் ஒரு கடிதக் குழுவை அமைத்தது. முன்னின்றவர் சாமுவேல் ஆடம்ஸ். கடிதக் குழு என்றால் ஓர் ஊரின் கருத்தையும் செய்தியையும் மற்ற ஊர்களுக்கு எழுதி அனுப்பவும், அங்கிருந்து வருவதை வாசித்துக்காட்டவும் அமைந்த நிரந்தரக் குழு. சில மாதங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் பதில் எழுதின. 1773 மார்ச்சில் வர்ஜீனியா சட்டமன்றம் காலனிகளுக்கிடையே இதே ஏற்பாட்டை முன்மொழிந்தது. காகிதமும் மையும் குதிரையும் கொண்டு பின்னிய அந்த வலை இல்லாவிட்டால், பாஸ்டனில் அடுத்து நடந்தவை பாஸ்டனோடு முடிந்திருக்கும்.

## மலிவான தேயிலை

இப்போது தேயிலைக்கு வருவோம். 1773இல் கிழக்கிந்தியக் கம்பெனி திவாலாகும் நிலையில் இருந்தது. வங்காளத்தைச் சுரண்டிய அதே கம்பெனிதான்; 1770இன் கொடும் பஞ்சத்துக்குப் பிறகு அங்கே வருமானம் சரிந்திருந்தது. லண்டன் கிடங்குகளில் விற்காத தேயிலை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பவுண்டு எடையில் தேங்கிக் கிடந்தது. அது சீனத் தேயிலை. இந்தியாவில் தேயிலைத் தோட்டங்கள் வரப் பல பத்தாண்டுகள் இருந்தன.

கம்பெனியைக் காப்பாற்ற வந்த தேயிலைச் சட்டம், பிரிட்டனில் கட்ட வேண்டிய வரியைத் தள்ளுபடி செய்து, நேரடியாக அமெரிக்காவில் விற்க அனுமதித்தது. கடத்தல் தேயிலையைவிடவும் விலை குறைந்தது. ஆனால் பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் என்ற பழைய காலனி வரி அப்படியே இருந்தது. மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டால், வரி விதிக்கும் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும். கூடவே, உள்ளூர் வணிகர்களை ஒதுக்கிவிட்டுத் தேர்ந்தெடுத்த சில முகவர்களுக்கே சரக்கு போனது. பாஸ்டனில் அந்த முகவர்களில் இருவர், இப்போது ஆளுநராகியிருந்த ஹட்சின்சனின் மகன்கள்.

நியூயார்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் போன கப்பல்கள் சரக்கோடு திரும்பின. பாஸ்டனில் வரி கட்டாமல் கப்பல் வெளியேற ஹட்சின்சன் அனுமதி மறுத்தார். டிசம்பர் 16 இரவில் மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன.

## 1774: மதகு கைமாறிய ஆண்டு

என் பார்வையில் உண்மையான திருப்பம் தேயிலை கொட்டப்பட்ட இரவு அல்ல. அடுத்த ஆண்டின் கோடைக்காலம். பொதுவாகச் சொல்லப்படும் கதை இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறது.

நாடாளுமன்றம் தண்டனைச் சட்டங்களைக் கொண்டுவந்தது. சேதத்துக்கு ஈடு கட்டும் வரை பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. அதைவிடக் கடுமையானது மாசசூசெட்ஸ் அரசாங்கச் சட்டம். மேலவையை இனி மன்னரே நியமிப்பார். ஆளுநரின் அனுமதி இல்லாமல் ஆண்டுக்கு ஒரு முறைதான் ஊர்க்கூட்டம் நடத்தலாம். படைத் தளபதி தாமஸ் கேஜ் ஆளுநராக வந்தார்.

வரி என்பது வணிகருக்கும் வழக்கறிஞருக்கும்தான் பெரிதாக வலித்தது. ஊர்க்கூட்டமோ ஒவ்வொரு விவசாயியின் சொந்த உரிமை; சாலை போடுவது முதல் பள்ளி ஆசிரியரை அமர்த்துவது வரை அங்கேதான் முடிவாகும். அதில் கைவைத்ததும் கிராமங்கள் எழுந்தன. ஆகஸ்டிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து, மன்னர் பெயரில் நடந்த நீதிமன்றங்களை இழுத்து மூடினார்கள். செப்டம்பர் 6 அன்று வூஸ்டர் நகரில் 37 ஊர்களிலிருந்து 4,600க்கும் மேற்பட்டவர்கள் ஊர்ப்படைகளாக அணிவகுத்து நின்றார்கள். ஊர்ப்படை என்பது சம்பளப் படையல்ல. தேவை வரும்போது சொந்தத் துப்பாக்கியோடு திரளும் ஊர் ஆண்கள். நீதிமன்ற அதிகாரிகள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த வரிசைகளுக்கு நடுவே நடந்து, பதவி விலகுவதாகத் திரும்பத் திரும்ப அறிவிக்க வேண்டியிருந்தது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. அந்த ஆண்டு இலையுதிர் காலத்துக்குள் கேஜின் அதிகாரம் பாஸ்டன் எல்லைக்குள் சுருங்கிவிட்டது.

வெற்றிடத்தை மக்கள் நிரப்பினார்கள். அக்டோபரில் ஊர்களின் பிரதிநிதிகள் அடங்கிய மாசசூசெட்ஸ் மாகாணக் காங்கிரஸ் என்ற மன்றம் தானாகவே கூடியது, வரிப்பணத்தை மன்னரின் பொருளாளரிடம் கட்டாமல் தன் பொருளாளரிடம் கட்டச் சொன்னது, ஊர்ப்படைகளைச் சீரமைத்தது, வெடிமருந்து வாங்கிச் சேர்த்தது. வரி, நீதி, படை மூன்றும் இனி இரண்டு கைகளில்.

இதே நேரத்தில் பிலடெல்பியாவில் ஜார்ஜியா நீங்கலாகப் பன்னிரண்டு காலனிகளின் பிரதிநிதிகள் முதல் கான்டினென்டல் காங்கிரஸாகக் கூடி, பிரிட்டிஷ் சரக்கைப் புறக்கணிக்கவும் அதைக் கண்காணிக்க ஒவ்வோர் ஊரிலும் குழு அமைக்கவும் முடிவுசெய்தார்கள். மீறியவர்களின் பெயர்கள் செய்தித்தாளில் வெளியாகும். இந்தக் குழுக்கள் ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்களை ஆட்சிப் பொறுப்பில் அமர்த்தின. மாற்றுக் கருத்துள்ள அண்டை வீட்டாரை மிரட்டவும் செய்தன. மன்னர்மீது பற்றுக்கொண்டவர்கள் தாரும் இறகும் பூசி ஊர்வலம் விடப்பட்ட கொடுமையை மறைக்கக் கூடாது.

நவம்பரில் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் தன் தலைமை அமைச்சருக்கு எழுதினார்: காலனிகள் இந்த நாட்டுக்குக் கட்டுப்பட்டவையா, சுதந்திரமானவையா என்பதை இனி அடிதடிதான் தீர்க்க வேண்டும்.

சுருக்கமாக: கடிதக் குழுக்கள் ஊர்களை இணைத்தன, தண்டனைச் சட்டம் கிராமங்களைத் தட்டி எழுப்பியது, மாகாணக் காங்கிரஸ் இரண்டாவது அரசாங்கமாயிற்று. கலகம் இரட்டை அதிகாரமாக மாறிய கட்டம் இது.

## முதல் துப்பாக்கி

1775 ஏப்ரல் 19 அதிகாலையில் சுமார் 700 பிரிட்டிஷ் வீரர்கள் கான்கார்ட் என்ற ஊரை நோக்கி நடந்தார்கள். அங்கேதான் மாகாணக் காங்கிரஸ் சேர்த்துவைத்த ஆயுதங்கள் இருந்தன. வழியில் லெக்சிங்டன் மைதானத்தில் எழுபதுக்கும் சற்று மேற்பட்ட ஊர்ப்படையினர் நின்றார்கள். முதலில் சுட்டது யார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. உள்ளூர்க்காரர்கள் எட்டு பேர் இறந்தார்கள்.

1770இல் ஐந்து பேர் இறந்தபோது வழக்கு நடந்தது. 1775இல் எட்டு பேர் இறந்தபோது போர் நடந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இடையில் உருவான அமைப்புதான். குதிரை வீரர்கள் ஊர் ஊராகச் செய்தி கொண்டுபோனார்கள். பயிற்சி பெற்ற படைகள் வேலிகளுக்கும் கற்சுவர்களுக்கும் பின்னாலிருந்து, பாஸ்டனுக்குத் திரும்பும் பிரிட்டிஷ் படையைத் தாக்கின. அன்று மாலைக்குள் பிரிட்டிஷ் தரப்பில் 73 பேர் இறந்திருந்தார்கள். சில நாள்களில் பாஸ்டன் முற்றுகைக்குள் வந்தது.

## போர் தொடங்கியது; விடுதலை கேட்கவில்லை

ஜூனில் ஜார்ஜ் வாஷிங்டனைத் தளபதியாக்கிய இரண்டாவது காங்கிரஸ், ஜூலையில் மன்னருக்குச் சமாதான மனுவும் அனுப்பியது. நாடாளுமன்றமும் அமைச்சர்களுமே எதிரிகள், மன்னர் நல்லவர் என்ற நம்பிக்கை அப்போதும் இருந்தது. மன்னர் அந்த மனுவை ஏற்கவே மறுத்து, ஆகஸ்டில் காலனிகளைக் கலகக்காரர்களாக அறிவித்தார். டிசம்பரில் வந்த சட்டம் அமெரிக்கக் கப்பல்களை எதிரிநாட்டுக் கப்பல்களாக நடத்தச் சொன்னது. ஜெர்மன் சிற்றரசுகளிடம் கூலிப்படை வாடகைக்கு எடுக்கப்பட்டது.

நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் தன் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். வாஷிங்டன் உட்படத் தெற்கின் தலைவர்கள் பலர் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்கள். காலனி மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமை. டன்மோரின் அறிவிப்பால் அஞ்சிய பண்ணை முதலாளிகள் விடுதலைப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதும், அதே அறிவிப்பை நம்பி உண்மையான விடுதலையைத் தேடி ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் பிரிட்டிஷ் பக்கம் ஓடினார்கள் என்பதும் ஒரே வரலாற்றின் பகுதிகள். இதை விட்டுவிட்டு விடுதலைப் போர் என்று பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

1776 ஜனவரியில், இங்கிலாந்திலிருந்து வந்து ஓராண்டு சற்றுக் கடந்திருந்த தாமஸ் பெய்ன் வெளியிட்ட 'காமன் சென்ஸ்' என்ற சிறு நூல் மன்னராட்சியையே நேரடியாகத் தாக்கியது. இன்னொரு நடைமுறைக் காரணமும் இருந்தது: வெடிமருந்துக்கும் கப்பற்படைக்கும் பிரான்ஸின் உதவி வேண்டும், மன்னரோடு நாளை சமாதானமாகிவிடக்கூடிய கலகக்காரர்களோடு எந்த நாடும் உடன்படிக்கை செய்யாது. ஜூலை 2 அன்று காங்கிரஸ் பிரிவினைக்கு வாக்களித்தது. ஜூலை 4 அன்று அறிவிப்பை ஏற்றது.

பிரான்ஸ் 1778இல் சேர்ந்ததும் போர் உலகெங்கும் பரவியது. அதன் கடைசிச் சண்டைகளில் ஒன்று நம் கடலூரில் நடந்தது. 1783 ஜூனில் அங்கே பிரெஞ்சுப் படையைப் பிரிட்டிஷார் முற்றுகையிட்டிருந்தபோதுதான் ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்து சண்டை நின்றது.

## ஏன் பதின்மூன்று மட்டும்?

இந்த விளக்கம் சரிதானா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. அமெரிக்கப் பகுதியில் பிரிட்டனுக்கு வேறு காலனிகளும் இருந்தன. முத்திரை வரியை எதிர்த்து செயின்ட் கிட்ஸ், நெவிஸ் தீவுகளிலும் கலகம் நடந்தது. ஜமைக்காவுக்குச் சொந்தச் சட்டமன்றம் இருந்தது. அதே குறைகளும் இருந்தன. 1774 டிசம்பரில் அந்த மன்றம் வட அமெரிக்கக் காலனிகளின் வாதத்தை ஆதரித்தே மன்னருக்கு மனு எழுதியது. ஆனால் அதே மனுவில், வெள்ளையர் மிகச் சிலரே வாழும் தங்கள் தீவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் இருப்பதால், பிரிட்டனை எதிர்க்கும் எண்ணம் தங்களுக்கு இருக்கவே முடியாது என்றும் சொன்னது. 1760இல் அங்கே பெரும் அடிமைக் கிளர்ச்சி வெடித்து, பிரிட்டிஷ் படையின் துணையோடுதான் ஒடுக்கப்பட்டிருந்தது. தோட்ட முதலாளிகளின் சர்க்கரைக்குச் சந்தையும் பிரிட்டன்தான். மன்னரின் சிப்பாய்களை வெளியேற்றிவிட்டு ஊர்ப்படையை நம்பி வாழ அவர்களால் முடியாது. ஆகவே குறைகள் இருந்தும் அங்கே இரட்டை அதிகாரம் உருவாகவில்லை. ஜமைக்கா 1962 வரை பிரிட்டிஷ் காலனியாகவே இருந்தது.